நூறாண்டுக்கு நூறு மைல்: கரையோரப் பாதையும் உண்ணி பார்த்தலும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், இங்கிலாந்தில் வாழும் 1984ஆம் ஆண்டு உயர்தர வகுப்பு மாணவிகள் ஐவரின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் எங்கள் பேச்சின் தலைப்பைப் பார்த்துவிட்டுப் பலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். நூற்றாண்டு விழாவிலே கல்வியைப் பற்றிப் பேசலாம், பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசலாம், உண்ணியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். பேசி முடிக்கும்போது விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறோம்.

எமது சங்கத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று அறிவித்தல் வந்தபோது, ஆளுக்கொரு தொகையை அனுப்புவதோடு நின்றுவிடாமல் ஏதாவது செய்வோம் என்று ஐந்து பேரும் தொலைபேசியில் கதைத்தோம். விடுதியின் நோயாளர் அறையைத் திருத்த நிதி தேவை என்று சங்கச் செயலாளர் எழுதியிருந்தார். அந்த அறையிலே காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவர்கள் நாங்கள். ஆகவே நூறாண்டுக்கு நூறு மைல் நடப்பது, ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று உறவினரிடமும் வேலைத்தலத்தாரிடமும் நிதி சேர்ப்பது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் அறுபதை எட்டும் வயது. ஒருத்திக்குச் சீனி வருத்தம். ஒருத்திக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒருத்தி தாதியாக இருந்து இளைப்பாறியவள். இந்த மூன்றாமவள் எங்களோடு வந்தது எத்தனை பெரிய பாக்கியம் என்பது பின்னால் விளங்கும்.

நாங்கள் தெரிவுசெய்தது இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரப் பாதை. சொமர்செற்றிலுள்ள மைன்ஹெட் என்ற ஊரில் தொடங்கி, டெவன், கோர்ன்வோல் கரைகளைச் சுற்றிக்கொண்டு, டோர்செற்றில் பூல் துறைமுக வாயிலில் முடிகிறது. மொத்தம் 630 மைல், அதாவது 1,014 கிலோமீற்றர். கடத்தற்காரரைப் பிடிக்கக் கரையோரக் காவலர் ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்து நடந்த தடம்தான் பிற்காலத்தில் நடைப்பாதையாயிற்று. ஆகவே அது நேர்வழியே போகாது. ஒவ்வொரு ஆற்று வாய்க்கும் கீழே இறங்கும், மறுபடி மலைமுகட்டுக்கு ஏறும். முழுப் பாதையின் ஏற்றங்களையும் கூட்டினால் ஏறக்குறைய 35,000 மீற்றர், எவரெஸ்ற் சிகரத்தை நான்கு தரம் ஏறுவதற்குச் சமம் என்று சொல்வார்கள். அதில் முதல் நூறு மைல்தான் எங்கள் பங்கு. மைன்ஹெட்டிலிருந்து ஹார்ட்லன்ட் கீ வரை போனால் நூறு தாண்டிவிடும்.

மே மாதத்தில் புறப்பட்டோம். மைன்ஹெட் கடற்கரையில், இரண்டு பெரிய கைகள் வரைபடமொன்றைப் பிடித்திருப்பது போன்ற சிற்பம் பாதையின் தொடக்கத்தைக் காட்டுகிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, முதல் நாள் போர்லொக் வரை நடந்தோம். அடுத்த நாள் கல்போன் காட்டினூடாக லின்மவுத் வரை. அந்தக் காட்டுக்குள்ளே ஒரு சின்னஞ்சிறு தேவாலயம் இருக்கிறது. இங்கிலாந்தின் மிகச் சிறிய பங்குத் தேவாலயம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் எக்ஸ்மூர் மேட்டு நிலம். ஆடுகள் மேயும், மான்கள் நடமாடும் இடம். பாதை சில இடங்களில் ஒருவர் மட்டும் போகக்கூடிய அகலந்தான். இரு பக்கத்திலும் சுருள் விரியும் பன்னமும் நீண்ட புல்லும் காலை உரசிக்கொண்டேயிருக்கும்.

அங்கேதான் உண்ணி காத்திருக்கிறது. நம்மூரில் மாட்டிலும் நாயிலும் கண்ட அதே குடும்பம்தான். ஆனால் அங்குள்ள ஆட்டுண்ணியின் இளம் பருவம் கசகசா விதை அளவுதான் இருக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த பின் அதற்கு மூன்று பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தரம் இரத்தம் குடித்தால் போதும். உண்ணி பாயாது, பறக்காது, மரத்திலிருந்து குதிக்கவும் மாட்டாது. புல்லின் நுனிக்கு ஏறி, பின்கால்களால் பற்றிக்கொண்டு, முன்கால்களை நீட்டியபடி நிற்கும். அந்த முன்கால்களிலேயே எமது மூச்சுக் காற்றையும் உடற்சூட்டையும் உணரும் உறுப்பு இருக்கிறது. நாம் உரசிப் போனால் தொற்றிக்கொள்ளும். பிறகு மெல்லிய தோலைத் தேடி மேலே ஊரும். முழங்காலின் பின்புறம், அரை, இடுப்புப் பட்டி இறுகும் இடம், தொப்புள், அக்குள், மார்பின் கீழ், காதின் பின்புறம், தலைமயிர் ஓரம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கடிக்கும்போது நோவே தெரியாது. தெரியாமற் செய்யும் பதார்த்தம் அதன் உமிழ்நீரில் இருக்கிறது.

தாதித் தோழி முதல் இரவே சட்டம் போட்டுவிட்டாள். குளித்ததும் ஒவ்வொருவரையும் இன்னொருவர் பார்க்க வேண்டும், முதுகு, தொடை, தலை எல்லாம். கேட்டதும் எல்லோருக்கும் வெட்கம். நாற்பது ஆண்டுகளாக அவரவர் குடும்பம், அவரவர் வீடு என்று இருந்தவர்கள். ஒருத்தி கதவைப் பூட்டிக்கொண்டு தானே கண்ணாடியில் பார்ப்பதாகச் சொன்னாள். “உன்ர முதுகை நீ எப்பிடியடி பார்ப்பாய்?” என்று தாதித் தோழி கேட்டாள். அதற்குப் பிறகு மறுபேச்சில்லை.

விடுதியிலே சனிக்கிழமை பின்னேரங்களில் வரிசையாகப் படியில் இருந்து ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மேற்படியில் இருப்பவள் கீழ்ப்படியில் இருப்பவளின் தலையைப் பார்ப்பாள். அதே வரிசை, அதே “எடி, ஆடாத” என்ற அதட்டல். கையில் மட்டும் சீப்புக்குப் பதிலாகக் கைவிளக்கும் நுனி மெல்லிய சாவணமும். பத்து நிமிடத்தில் வெட்கமெல்லாம் போய்விட்டது. சொல்லப்போனால், அந்தப் பயணத்தில் மிகக் கூடுதலாகக் கதைத்ததும் சிரித்ததும் அந்த நேரத்தில்தான்.

இரண்டாம் நாள் இரவு மூன்று உண்ணிகள் அகப்பட்டன. எப்படிக் கழற்றுவது என்று ஐவருக்குள்ளும் ஐந்து வைத்தியம் வெளிவந்தது. வேப்பெண்ணெய் பூசலாம், மண்ணெண்ணெய் தொடலாம், கற்பூரம் வைக்கலாம், நெருப்புக் குச்சியால் சுடலாம் என்று அம்மம்மா காலத்து முறைகள். மாட்டுக்கு எப்படியோ, மனிதருக்கு இவை ஒன்றும் ஆகாது என்று தாதித் தோழி தடுத்தாள். சூடோ எண்ணெயோ பட்டால் உண்ணி கலங்கி, தன் வயிற்றில் உள்ளதை எமது இரத்தத்தில் உமிழக்கூடும். சாவணத்தால் தோலை ஒட்டினாற்போல் அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்து, நசுக்காமல், முறுக்காமல், சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். பிறகு கிருமிநீக்கியால் துடைக்க வேண்டும். பேனைக் குத்துவது போல நகத்தில் வைத்துக் குத்தவே கூடாது.

அடுத்து அவள் செய்த காரியந்தான் முக்கியமானது. கொப்பியொன்றை எடுத்து, திகதி, யாருக்கு, எந்த இடத்தில் என்று எழுதினாள். கடித்த இடத்தைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டாள். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் நாணயம் ஒன்றை வைத்துத் தினமும் படம் எடுக்கச் சொன்னாள். “கலண்டரில் ஒரு மாதம் இதைப் பாருங்கோ” என்றாள்.

எதற்கு இத்தனை கவனம் என்றால், உண்ணி மூலம் லைம் என்னும் நோய் வரலாம். எல்லா உண்ணியிலும் கிருமி இல்லை. பெரும்பாலானவற்றில் இல்லை என்பதே உண்மை. ஆனால் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் ஆய்வுகூடப் பரிசோதனையில் உறுதிசெய்யப்படுகிறது. உண்ணி எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்துக் கூடும். அன்றன்றே பார்த்துக் கழற்றுவது அதனால்தான்.

இந்த நோயின் பெயருக்கும் நாங்கள் நடந்த பாதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே பாதையின் மறுகோடியில், டோர்செற்றில், லைம் றீஜிஸ் என்ற பழைய ஊர் இருக்கிறது. அங்கிருந்து பெயரை எடுத்து அமெரிக்காவின் கனெக்ரிகற் மாநிலத்தில் ஓர் ஊருக்கு லைம் என்று வைத்தார்கள். 1970களில் அந்த ஊரிலும் அயலிலும் பிள்ளைகளுக்கு மூட்டுவீக்கம் வந்தபடியிருந்தது. பொலி மறே என்ற தாய், தன் குடும்பத்தவரின் நோய்க்குறிகளை ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்திருந்தார். 1975இல் அவரும் இன்னொரு தாயும் சுகாதாரப் பகுதியினருக்கு விடாமல் அறிவித்ததால் ஆய்வு தொடங்கிற்று. 39 பிள்ளைகளும் 12 பெரியவர்களும் அந்த முதல் ஆய்வில் இடம்பெற்றனர். 1982இல் வில்லி பேர்க்டோர்வர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் உண்ணியின் குடலில் கண்ட சுருட் கிருமியைப் பற்றி வெளியிட்டனர். ஒரு தாயின் குறிப்புக் கொப்பி இல்லாவிட்டால் அந்தத் தேடல் தொடங்க எவ்வளவு காலம் சென்றிருக்குமோ.

எங்கள் கொப்பியும் வேலை செய்தது. முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தவளுக்கு இரண்டாம் நாள் இடது முழங்காலின் பின்னால் ஓர் உண்ணி எடுத்தோம். முதல் நாள் ஏறியதா, இரண்டாம் நாள் ஏறியதா என்று சொல்ல முடியாத அளவு சிறியது. நடை நன்றாகவே போனது. பாதையின் மிக உயர்ந்த இடமான கிரேற் ஹாங்மன் என்ற 318 மீற்றர் மலையை மூச்சு வாங்க வாங்க ஏறினோம். பிரோன்ரன் மணற்குன்றுகளைக் கண்டதும், “இது எங்கட மணற்காடு” என்று கூவினோம். எட்டாம் நாள் இரவு அந்த வட்டத்துக்குள்ளே தோல் சற்றுக் கறுத்திருந்தது. பத்தாம் நாள், வெஸ்ற்வேட் ஹோ என்ற ஊரை அடைந்தபோது, கறுப்பு வட்டத்தைத் தாண்டி உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தது. கடியுமில்லை, நோவுமில்லை. ஆனால் அவளுக்குத் தலையிடியும் காய்ச்சற் குணமும் தொடங்கிவிட்டது.

சிகிச்சை நிலையமொன்றுக்குக் கூட்டிச் சென்றோம். முதலில் பார்த்தவர், முழங்காற் பட்டி உராய்ந்து கன்றிய இடம் என்று சொல்லி அனுப்பப் பார்த்தார். அங்கே சுவரில் ஒட்டியிருந்த படத்தில் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம், நடுவில் ஒரு பொட்டு. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கள் தோழியின் காலில் இருந்தது கன்றலாகத்தான் தெரியும்.

தங்கைமாரே, தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எமது நிறத்துத் தோலில் அந்தத் தழும்பு சிவப்பாகத் தெரிய வேண்டியதில்லை. கடும் மண்ணிறமாக, ஊதாவாக, பழைய கன்றல் போலத் தெரியலாம். வளையம் தெரியாமலே போகலாம். நிறத்தைப் பார்க்காதீர்கள், அது நாளுக்கு நாள் பரவுகிறதா என்று பாருங்கள். பொதுவாகக் கடித்து மூன்று நாள் தொடக்கம் ஒரு மாதத்துக்குள் தோன்றும், சிலருக்கு அதற்குப் பிந்தியும் வரலாம். கறுத்த தோல் உடையவர்களில் இந்த அடையாளம் பிடிபடாமற் போய், மூட்டு வீங்கிய பின்போ முகம் ஒரு பக்கம் இழுத்த பின்போதான் நோய் தெரியவருகிறது என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள்.

தாதித் தோழி குரலை உயர்த்தவில்லை. கொப்பியையும் ஒன்பது நாட் படங்களையும் மேசையில் வைத்தாள். இன்னொரு வைத்தியரைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்டாள். வந்த பெண் வைத்தியர் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமலே மருந்து எழுதினார். தழும்பு தெளிவாக இருந்தால் பரிசோதனை இல்லாமலே மருந்தைத் தொடங்கலாம் என்பதே அங்குள்ள வழிகாட்டல். முதற் கிழமைகளில் இரத்தத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். டொக்சிசைக்கிளின் என்ற மருந்து, 21 நாளுக்கு. வெயில் படக்கூடாது என்றும் சொன்னார்.

அன்றிரவு பெரிய வாக்குவாதம். ஏறக்குறைய 87 மைல் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் நடந்தால் நூறு. “நீங்கள் நாலு பேரும் போங்கோ, மைலுக்கு மைல் காசு தாறன் எண்டு சொன்ன சனத்துக்கு என்ன சொல்லுறது?” என்று சுகமில்லாதவளே அழுதாள். கணக்கியல் படித்தவள் கணக்குப் போட்டுப் பார்த்து, நால்வர் போனாலும் வாக்குக் காப்பாற்றப்படும் என்றாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. கடைசியில் எல்லோரும் திரும்பினோம். நோயாளர் அறைக்காக நடக்கப் புறப்பட்டவர்கள் நோயாளியை விட்டுவிட்டு நடந்தால் அந்த நூறுக்கு என்ன கருத்து என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை. காசு தருவதாகச் சொன்னவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினோம். ஒருவர்கூடக் குறைக்கவில்லை.

மருந்து முடிந்தது, தோழி சுகமானாள். செப்ரெம்பரில் ஐவரும் மறுபடி வெஸ்ற்வேட் ஹோவுக்குப் போய், வாகனம் ஓடாத குளோவெலியின் கல்லுப் படித்தெருவைத் தாண்டி, இரண்டு நாளில் ஹார்ட்லன்ட் கீயில் நூறைக் கடந்தோம். இரண்டு தவணையில் நடந்த நூறுதான். ஆனால் ஐந்து பேர் நடந்த நூறு. இரண்டாந் தரம் போகும்போது வெளிர் நிறக் காற்சட்டை, அதைக் காலுறைக்குள் செருகிய கோலம், பூச்சிவிரட்டித் தைலம், பாதையின் நடுவே நடை என்று முழு ஆயத்தம். தங்குமிடம் சேர்ந்ததும் உடுப்பைத் தோய்ப்பதற்கு முன்பே உலர்த்தியில் கடுஞ்சூட்டில் பத்து நிமிடம் போட்டுவிடுவோம். குளிர்ந்த தண்ணீரில் தோய்த்தால் உண்ணி சாகாது, உலர்ந்த சூட்டில் செத்துவிடும்.

எமது சங்கத்தவர் உலகெங்கும் இருப்பதால் இன்னும் சில வார்த்தைகள். கனடாவில், குறிப்பாகத் தென் ஒன்ராறியோவிலும் நோவா ஸ்கோஷியாவிலும், கருங்கால் உண்ணி இதே நோயைக் கொண்டுவருகிறது. சுவிற்சர்லாந்து, தென் ஜேர்மனி, நோர்வேயின் தென்கரை ஆகிய இடங்களில் உண்ணியால் மூளைக் காய்ச்சலும் வரலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு, உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள உண்ணி வேறு வகை. அது சிலருக்கு இறைச்சி ஒவ்வாமையை உண்டாக்கும். இழுத்தெடுக்காமல், ஒட்டிய இடத்திலேயே உறையவைத்துக் கொல்லுங்கள் என்பது அங்குள்ள அறிவுரை. அந்தந்த நாட்டு முறையைக் கேட்டறியுங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இது புறத்தியான கதையல்ல. வடக்கில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லும் தைபசு வகை, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிகளின் குஞ்சுகளால் வருகிறது. கடுங்காய்ச்சலோடு, சுருட்டுச் சுட்டாற்போல ஒரு கறுத்த பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கலாம். அக்குளிலோ, அரையிலோ, மார்பின் கீழோ மறைந்திருக்கும். நோவில்லாதபடியால் நோயாளிக்கே தெரியாது, வெட்கத்தால் வைத்தியருக்கும் காட்டப்படாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் வைத்தியருக்கு அரைவாசி வேலை முடிந்தது. உரிய மருந்தும் அநேகமாக அதே டொக்சிசைக்கிளின்தான். தனியே இருக்கும் வயதான அம்மாமார், ரீச்சர்மார் எத்தனை பேருக்கு முதுகைப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறது? காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் பழங்களோடு போய் வாசலில் கதைத்துவிட்டு வராமல், உள்ளே போய், “அம்மா, ஒருக்காத் திரும்புங்கோ, பார்ப்பம்” என்று கேளுங்கள்.

நூறாண்டுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஒருவரையொருவர் மறவாதிருக்கவே தொடங்கினார்கள். கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத இடங்கள் எல்லோருக்கும் உண்டு. அதை இன்னொருத்திதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் நாங்கள் கற்றது அவ்வளவுதான்.

நோயாளர் அறைக்குச் சேர்ந்த தொகையைச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறோம். கணக்கு விபரம் ஆண்டறிக்கையில் வரும். பூல் துறைமுகத்துக்கு இன்னும் ஐந்நூறு மைலுக்கு மேல் கிடக்கிறது. அடுத்த வைகாசியில் ஹார்ட்லன்ட் கீயிலிருந்து தொடருவோம். எந்த ஆண்டு மாணவியாயினும் வரலாம். சாவணம் நாங்கள் தருவோம், கொப்பியை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.